கக்குவதும் 'பிரிங் அப்', வளர்ப்பதும் 'பிரிங் அப்'!

இங்கிலீஷ் கற்றுக்கொள்கிற பெண்களைப் பயமுறுத்துவது பெரிய பெரிய வார்த்தைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. பெரிய வார்த்தைக்கு அகராதியில் ஒரே ஒரு அர்த்தம் இருக்கும். பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். ஆளைத் தவிக்கவிடுவது பொடி வார்த்தைகள்தான். 'பிரிங்' என்றால் கொண்டு வா. 'அப்' என்றால் மேலே. இரண்டுமே எல்.கே.ஜி. படிக்கிற பாப்பாவுக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். 'பிரிங் அப்' என்றால் பிள்ளையை வளர்ப்பது. 'பிரிங் அப்' என்றால் ஒரு பேச்சை எடுப்பது. 'பிரிங் அப்' என்றால் பச்சைக் குழந்தை குடித்த பாலைக் கக்குவது! இப்படி ஒரு வினைச்சொல்லும் ஒரு பொடிச்சொல்லும் கூட்டுச் சேர்ந்து புது அர்த்தம் தருவதற்கு இலக்கணக்காரர்கள் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நமக்கு முக்கியமில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். சாப்பாட்டுக் கடை ஒழித்து, சாயங்காலக் காபிக்கு அடுப்பு மூட்டுவதற்குள் கிடைக்கிற ஒரு மணி நேரம். பள்ளிக்கூட மீட்டிங்கில் பேச வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற மருமகளின் தோழிகளோடு பேச வேண்டும், டாக்டர் சொல்வது புரிய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அவர்களுக்கு இந்த 'பிரிங் அப்'பை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தபோதுதான், நம் தமிழிலேயே இதற்கு ஒரு சகோதரி இருப்பது தெரிந்தது. அவள் பெயர் 'எடு'.

சொல்லிப் பாருங்களேன். வாந்தி எடுத்தான். பேச்சை எடுத்தான். எடுத்து வளர்த்தான். மூன்றிலும் 'எடு' இருக்கிறது. மூன்றுக்கும் இங்கிலீஷில் 'பிரிங் அப்' போடலாம்! வெள்ளைக்காரர்கள் நம்மைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை, நாமும் அவர்களைப் பார்த்து அடிக்கவில்லை. உள்ளே அல்லது கீழே கிடக்கிற ஒன்று மேலே வருகிறது என்கிற எண்ணம் இரண்டு பாஷைக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வயிற்றில் கிடந்த பால் மேலே வருகிறது. மனசில் கிடந்த பேச்சு மேலே வருகிறது. தரையில் கிடந்த பிள்ளை ஆளாகி மேலே வருகிறது. இதைச் சொன்னதும் என் மாணவிகள் யாருமே நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. தேவைப்படவில்லை.

முதலில் பாலைப் பார்த்துவிடுவோம். இளம் தாய்மார்களுக்கு அதுதான் அவசரம்.

என்னிடம் வருகிற ஓர் அம்மாள், மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தார். அந்த ஊரில் குழந்தை பிறந்த பிறகு 'ஹெல்த் விசிட்டர்' என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பது வழக்கம். மகள் குளிக்கப் போயிருந்த சமயம் நர்ஸ் வந்து, "இஸ் ஹி பிரிங்கிங் அப் ஹிஸ் மில்க்?" என்று பாட்டியைக் கேட்டிருக்கிறாள். பாட்டிக்குப் 'பிரிங்கிங் அப்' மட்டும்தான் காதில் விழுந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "எஸ், எஸ்! வெரி வெல் பிரிங்கிங் அப்! மீ ஆல்ஸோ, ஹிஸ் மதர் ஆல்ஸோ!" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நர்ஸின் முகம் மாறிவிட்டது. குழந்தை, தாய், பாட்டி மூன்று பேருக்கும் வாந்தியா? நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரணை ஆரம்பமாகிவிட்டது! ஈரத் தலையோடு மகள் ஓடி வந்து சொன்ன பிறகுதான் சமாதானம்.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய சமாசாரம்தான். ஆனால் அந்த நர்ஸ் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது சிரிப்புக் கேள்வி இல்லை. 'வாமிட்டிங்' என்று அவள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்மிடமும் இந்த வித்தியாசம் உண்டு. கக்குவது வேறு, வாந்தி எடுப்பது வேறு. நம் பாட்டிமார்கள் இரண்டையும் கலந்து பேசவே மாட்டார்கள். நாம்தான் இப்போது எல்லாவற்றுக்கும் 'வாமிட்' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு டாக்டரைக் குழப்புகிறோம்.

கக்குவது எதனால்? உணவுக் குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சுருக்குப் பை மாதிரி இறுகிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு அந்த இறுக்கம் இன்னும் வந்திருக்காது. குடிப்பதோ தண்ணியான பால். இருப்பதோ நாள் முழுக்கப் படுக்கையில். ஆகவே குடித்த பாலில் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் வாயோரமாக வழிந்து வந்துவிடுகிறது. சில நேரம் திரிந்து தயிர் மாதிரியும் வரும், பயப்பட வேண்டாம். சுமார் நாலு மாதத்தில் இது அதிகமாக இருக்கும். குழந்தை உட்காரவும் கெட்டியான ஆகாரம் சாப்பிடவும் பழகிய பிறகு குறைந்து, ஒரு வயசு வாக்கில் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தை, எடையும் மாதா மாதம் ஏறுகிறது என்றால், கஷ்டம் துணி துவைக்கிறவளுக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் வரவையுங்கள். இங்கிலாந்தில் இதற்கும் 'பிரிங் அப்'தான். "ஹாஸ் ஹி பிராட் அப் ஹிஸ் விண்ட்?" என்றால் ஏப்பம் விட்டானா என்று அர்த்தம், காற்று மழை சமாசாரம் இல்லை. பிறகு இருபது, முப்பது நிமிஷம் நிமிர்த்தியே வைத்துக்கொண்டிருந்தால் நல்லது. குடித்த கையோடு தூக்கிப் போட்டு விளையாடுகிற மாமாக்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் புரையேறிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். குப்புறப் படுப்பதில்தான் உயிருக்கே ஆபத்து அதிகம் என்பது உலகம் முழுவதும் டாக்டர்கள் ஒத்துக்கொண்ட விஷயம்.

இனி வாந்தி. பச்சை நிறத்தில் வந்தால் அது பித்தநீர். குடலில் எங்கோ அடைப்போ முறுக்கோ இருக்கலாம். மறு நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ரத்தம் கலந்து வந்தாலும், காபித்தூள் நிறத்தில் வந்தாலும் அப்படியே. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், ஒவ்வொரு முறை பால் குடித்ததும் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சி அடிக்கிற மாதிரி வாந்தி வந்து, உடனே மறுபடி பசித்து அழுகிறது என்றால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசல் தடித்துப்போய் அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்கு, இது கொஞ்சம் கூடுதலாக வருகிறது. சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும். ஆனால் தாமதம் கூடாது. சிறுநீர் குறைவது, எடை ஏறாமல் நிற்பது, காய்ச்சல், துவண்டு போவது, உச்சிக்குழி புடைப்பது இவற்றில் எது இருந்தாலும் 'பல் வரப்போகிறது, அதான்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "சும்மா கக்குறான் அத்தை, கக்குற பிள்ளை கொழுக்கும்னு சொல்வாங்கல்ல" என்று இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போன ஒரு பெரியம்மாதான் துணியைப் பிரித்துப் பார்த்து, "இது என்னடி பச்சையா இருக்கு?" என்று கத்தி, மதுரைக்குக் கார் பிடிக்க வைத்தாள். பிள்ளை பிழைத்தது, ஆபரேஷன் தழும்போடு. அந்த வீட்டில் யாருக்கும் அக்கறை குறைவில்லை. வார்த்தையைத் தப்பாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 'கக்குறான்' என்று சொன்ன பிறகு யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே டாக்டரம்மாவிடம் தமிழிலோ இங்கிலீஷிலோ தெளிவாகச் சொல்லுங்கள். கக்குகிறான் என்றால் "ஹி பிரிங்ஸ் அப் எ லிட்டில் மில்க் ஆஃப்டர் ஹிஸ் ஃபீட்" என்று சொல்லலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் 'ஸ்பிட் அப்' என்பார்கள். நிஜமான வாந்தி என்றால் சுற்றி வளைக்காமல் 'வாமிட்டிங்' என்றே சொல்லி, எத்தனை தடவை, என்ன நிறம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் இரண்டு 'எடு' இருக்கின்றன. தொக்கம் எடுப்பது, உரம் எடுப்பது. குழந்தை கக்கினால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊதி எடுப்பார்கள். அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். இந்த இரண்டையும் மட்டும் நான் 'பிரிங் அப்' கணக்கில் சேர்க்கவே மாட்டேன். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவதில் என்ன வைத்தியம் இருக்கிறது?

பெரியவர்களுக்கும் இந்த வார்த்தை உண்டு. இருமலோடு போகிற மாமனாரைப் பார்த்து டாக்டர், "இஸ் ஹி பிரிங்கிங் எனிதிங் அப்?" என்று கேட்டால், இருமும்போது கோழை வருகிறதா என்று பொருள். நம் ஊர் பஞ்சாலை ஊர். ஆலையில் வருஷக் கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் வருவதுண்டு. ஆலையில் வேலை பார்த்தவர் என்பதையும் அந்தப் பதிலோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, பிள்ளை வளர்ப்புக்கு வருவோம். இதில் நம்மவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 'குரோ அப்' என்றால் வளர்வது. 'பிரிங் அப்' என்றால் வளர்ப்பது. 'ஐ குரூ அப் மை சில்ரன்' என்று சொன்னால் தப்பு. தமிழில் இந்தத் தப்பை நாம் செய்யவே மாட்டோம். 'என் பிள்ளைகளை வளர்ந்தேன்' என்று யாராவது சொல்வார்களா? வளர்ந்தேன் என்றால் நான். வளர்த்தேன் என்றால் பிள்ளையை. ஒரே ஒரு எழுத்தில் வித்தியாசம் முடிந்துவிடுகிறது. இங்கே ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் அல்லவா? என் வகுப்பில் அவர்களும் இருக்கிறார்கள். 'பெரிகாடு', 'பெஞ்சாடு' என்று அவர்களுக்கும் இந்த ஜோடி இருக்கிறது. ஆகவே நாக்கில் தமிழையோ தெலுங்கையோ ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு இங்கிலீஷுக்குப் போனால் வழுக்காது.

இன்னொரு நுட்பம். 'பிரிங் அப் தி சைல்ட்' என்றும் சொல்லலாம், 'பிரிங் தி சைல்ட் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் ஹிம், ஹெர், மீ, தெம் போன்ற சின்னச் சொற்கள் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். 'பிராட் ஹெர் அப்' சரி; 'பிராட் அப் ஹெர்' கூடாது. நல்ல வளர்ப்பு என்பதற்கு 'அப்' முன்னால் வந்து 'அப்பிரிங்கிங்' ஆகிவிடும். அமெரிக்கர்கள் வளர்ப்பதற்கு 'ரெய்ஸ்' என்பதையே அதிகம் சொல்கிறார்கள், புரிந்துகொண்டால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தில் 'எடு'வும் 'பிரிங் அப்'பும் பிரிந்து போகின்றன. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். 'ஷி பிராட் ஹெர் அப்' என்றால், வளர்த்தவள் பெற்ற தாயா, பாட்டியா, சித்தியா, தத்து எடுத்தவளா என்று அந்த வாக்கியம் கேட்பதே இல்லை. வளர்த்தாள், அவ்வளவுதான். நாம் 'எடுத்து வளர்த்தாள்' என்று சொன்னால், அந்த 'எடுத்து' போதும். பெற்றவள் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். சில பேர் அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எனக்குப் பிறந்த வீடு. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் எடுத்து வளர்த்த கதை சொல்லித் தர வேண்டியதில்லை. நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில், ஆடி மாதப் பூர நட்சத்திரத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பது ஸ்தல வரலாறு. ஆனால் பாருங்கள், கோவிலில் சொல்கிற வாழித் திருநாமத்தில் அவளைப் பெரியாழ்வார் 'பெற்றெடுத்த' பெண் என்றுதான் வாழ்த்துகிறார்கள். அவளும் திருப்பாவையின் கடைசியில் தன்னைப் பட்டர்பிரான் கோதை என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். பட்டர்பிரான் என்பது பெரியாழ்வாரின் பட்டப் பெயர். அவர் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடினபோது தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, நீராட்டுவது, தலை வாருவது, காது குத்துவது என்று ஒன்றையும் விடவில்லை; யசோதை வாயாகவே பாடினார். யசோதையும் பெற்றவள் இல்லையே! ஆண்பிள்ளையாக இருந்துகொண்டு இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் பிறந்த வீட்டுத் தெருவில் ஒரு பெண்ணும் அவள் கணவரும் முறைப்படி பதிந்து, காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்தார்கள். அவளுக்கு இப்போது ஒன்பது வயசு. குழந்தைக்கு ஐந்து வயசு ஆகும்போதே அந்தப் பெண் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஸ்கூல்ல யாராவது சொல்லிருவாங்களோன்னு ராத்திரி தூக்கம் வரல. எப்பச் சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பேச்சை எடுக்கவே வாய் வரமாட்டேங்குது."

'பேச்சை எடுக்க' என்றாள் பாருங்கள். அதுதான் மூன்றாவது 'பிரிங் அப்'. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'டெல்' என்றால் சொல்லி முடிப்பது. 'பிரிங் அப்' என்றால் எடுத்து முன்னால் வைப்பது மட்டும்தான். முடிக்க வேண்டும் என்று அதில் இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தார்கள் என்றால் கல்யாணம் முடிந்தது என்றா அர்த்தம்? அவளிடம் இதைத்தான் சொன்னேன். ஒரே நாளில் உட்கார வைத்து முழுவதும் சொல்ல வேண்டாம். இன்றைக்குக் கொஞ்சம், ஆடிப்பூரத்துக்குக் கோவிலுக்குப் போகும்போது கொஞ்சம். நந்தவனத்துக்கு எதிரே நின்று அந்தக் கதையைச் சொல், பிறகு "நாங்களும் உன்னை அப்படித்தான் தேடிப் போய்த் தூக்கிட்டு வந்தோம்" என்று சொல். தத்துப் பிள்ளைகளோடு பழகுகிற ஆலோசகர்களும் சின்ன வயசிலேயே, வீட்டார் வாயாலேயே, கதை மாதிரி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். பதினைந்து வயசில் பக்கத்து வீட்டு வாயிலிருந்து கேட்பதுதான் பிள்ளையை நொறுக்கிவிடும். குழந்தை கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். கேட்காததை அடைக்க வேண்டாம். 'உன்னைப் பெத்தவ வேண்டாம்னு போட்டுட்டா' என்கிற வாக்கியம் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது, கோபத்திலும் கூடாது.

"மாமியார் ஏதாச்சும் சொல்வாங்களேக்கா" என்றாள். "மாமியார்கிட்ட முதல்ல பேச்சை எடு" என்றேன்.

அந்த ஆடிப்பூரத்தில் எடுத்தாள். குழந்தை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் மாலை போடுவியா?" என்று கேட்டதாம். அதோடு பால்கோவாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். அடுத்த கேள்வி எட்டு மாதம் கழித்து, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வந்ததாம். இப்படித்தான் வரும்.

கோடை விடுமுறையில் அந்தப் பெண்பிள்ளையை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்து, 'பிரிங் அப்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அவள், 'மை மதர் பிராட் அப் மீ இன் ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். 'மீ' நடுவில் வரணும் என்று சொன்னேன். ரப்பரால் அழித்து, 'பிராட் மீ அப்' என்று திருத்தி எழுதினாள்.